காற்றை எடை போட்ட ஏழாம் வகுப்பு

போன மாதம் ஓசூரில் நம்மில் ஒருத்தி வீட்டுக் கல்யாணத்தில், கை கழுவும் குழாயடியில் நாம் ஆறேழு பேர் நின்று சண்டை போட்டோமே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று பந்து மேலே போனதா, கீழே இறங்கியதா என்பது சண்டை. அறுபதைத் தொட்டவர்கள், ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு முட்டிவலி, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஒரு கால்பந்துக்காகக் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம். மேலேதான் போனது. ஏன் போனது என்பது நினைவிருந்தால் அந்தச் சந்தேகமே வராது. முதலிலிருந்து சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

உத்தனப்பள்ளி தாண்டி ராயக்கோட்டை போகிற ரோட்டில் நம் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம், மீதிப் பேர் தமிழ். பாடப்புத்தகம் மட்டும் முழுக்கத் தமிழ். ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். காட்டு வேலைக்குப் போனவர்கள் காலை பஸ்ஸில் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தது என் அப்பா. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை என் பாவாடையில்கூட இருக்கும் என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைப்பது என் வேலை. அதனால் அந்த வருஷம் காற்றுப் பாடத்தில் நடந்ததற்கு நான்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பொங்கல் லீவு முடிந்து வந்தபோது புதிதாக ஓர் அறிவியல் டீச்சர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியாக, வெளிர் நீலச் சேலையில், லேடீஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் பேசுவது நமக்குப் பாதி புரியவில்லை, நாம் பேசுவது அவருக்குப் பாதி புரியவில்லை. முதல் பாடம் காற்று. வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி டம்ளரை மேஜையில் வைத்தார்.

"இந்த டம்ளருக்குள்ள என்ன இருக்கு? யாராவது சொல்லுங்க பாப்போம்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருகிற பெண். வீட்டில் தெலுங்கு. வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

"காலி," என்றாள்.

"காலியா? அதத்தான் நானும் பாத்தேன். காலின்னு சொல்லுததுக்கு ஒரு கையத் தூக்கணுமாக்கும்," என்றார் டீச்சர்.

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. "காலி டீச்சர். லோப்பல காலி," என்று மறுபடி சொன்னாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்து, பீரியட் முடியும் வரை நிற்க வைத்தார் டீச்சர். பிறகு காற்றுதான் இருக்கிறது என்று அவரே சொல்லி, கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

தெலுங்கில் காலி என்றால் காற்று. கன்னடத்திலும் அதேதான். லோப்பல என்றால் உள்ளே. உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். எங்கள் கடையில் நாள் முழுக்க அந்த வார்த்தைதான் நடமாடும். சரியான விடையைச் சொன்ன ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாமெல்லாம் அவளைக் காலி டப்பா என்று கூப்பிட ஆரம்பித்தோம். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். அப்பா குனிந்து பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"வீல்ல காலி இல்லீங்க டீச்சர்."

"காலியா இல்லையா? அப்ப ஏன் இப்படிச் சப்பையா கெடக்கு?"

"அதான் சொல்றங்க. காலி சுத்தமா இல்ல. இருந்தா ஏன் சப்பையா இருக்கப் போவுது?"

டீச்சர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பம்ப்பை எடுத்தார். "காலின்னா காத்துங்க. தெலுங்குல, கன்னடத்துல ரெண்டுலயும் அதான். இங்க தமிழாளுங்க கூட பாதிப் பேரு அப்டித்தான் சொல்லுவாங்க. நீங்க தெக்க, உங்களுக்குத் தெரியாதுங்க."

டீச்சர் கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர்த் தொட்டி பக்கம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

"ஏட்டி, ஒனக்கு இது தெரியுமா?" என்றார் என்னிடம்.

"தெரியும் டீச்சர்."

"அன்னைக்கே தெரியுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் சைக்கிளை வாங்கிக்கொண்டு, ஏறாமல், தள்ளிக்கொண்டே நடந்து போனார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் வந்ததும் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். அவள் பயந்து எழுந்து நின்றாள்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரியான விடை. எனக்குத்தான் ஒன் பாசை தெரியல. தெரியாம ஒன்ன நிக்க வச்சுட்டேன். மன்னிச்சுக்கோ," என்றார்.

ஒரு டீச்சர் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை அதற்கு முன் நாம் யாரும் பார்த்ததில்லை. அவள் என்ன செய்வதென்று தெரியாமல், "பரவால்ல டீச்சர்," என்றாள். இரண்டு வார்த்தை. நல்ல தமிழ்.

அன்றிலிருந்து அறிவியல் வகுப்பே மாறிப்போனது. எந்தப் பாடமானாலும் முதலில், "வீட்ல இத என்ன சொல்லுவிய?" என்று கேட்பார். கரும்பலகையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பத்தி. நீர், நீள்ளு, நீரு. நெருப்பு, நிப்பு, பெங்கி. வாய் திறக்காதவர்கள் எல்லாம் கை தூக்கினோம். ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் அரசாங்கம் கொடுத்த அறிவியல் பெட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிக் குடுவை, சோதனைக் குழாய் எல்லாம் வைக்கோலுக்கு நடுவே. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அதைத் திறக்கவே மாட்டார்கள். டீச்சர் இரண்டு முறை சாவி கேட்டுப் பார்த்தார். பிறகு நம்மிடம், "ஒங்க வீட்ல என்னெல்லாம் தூக்கிப் போடுதாங்களோ அதக் கொண்டாங்க," என்றார்.

மறுநாள் வகுப்பு பழைய சாமான் கடை மாதிரி ஆனது. மாட்டாஸ்பத்திரி ஊசி மருந்து புட்டிகள், ஃப்யூஸ் போன பல்புகள், கம்பெனி வேலைக்குப் போகிற அண்ணன்மார் கொண்டுவந்த இரும்புச் சுருள், உடைந்த ரேடியோவின் காந்தம். நான் சைக்கிள் அச்சுக்குள் போடும் பால்ரஸ் குண்டுகளும் வால்வு ட்யூபும் கொண்டுபோனேன். கடைசி பெஞ்சுக்காரி பட்டுப்புழு வளர்க்கும் மூங்கில் தட்டிலிருந்து உருவிய நீளமான பட்டை ஒன்று கொண்டுவந்தாள். அதன் நடுவில் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுத் தராசு செய்தோம்.

அந்தத் தராசில்தான் வம்பு வந்தது. காற்றுக்கு எடை உண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. காட்டிவிடலாம் என்று டீச்சர், காற்றில்லாத சைக்கிள் ட்யூபை ஒரு பக்கம் கட்டி, மறு பக்கம் கொட்டாங்குச்சியில் மணல் போட்டுச் சமன் செய்தார். பிறகு அதே ட்யூபில் காற்றடித்து மறுபடி கட்டினார். ட்யூப் பக்கம் இறங்க வேண்டும். பட்டை அசையவில்லை. மறுபடி செய்தார். மூன்றாம் முறையும் அசையவில்லை.

டீச்சர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "ஏன்னு எனக்கும் தெரியல. யோசிச்சுட்டு வாங்க, நானும் யோசிக்கேன்," என்றார்.

நாலைந்து நாள் அந்த ட்யூப் ஜன்னலில் தொங்கியது. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். ஒரு காலை, மணி அடிப்பதற்கு முன், கடைசி பெஞ்சுக்காரி டீச்சர் மேஜைக்குப் போய் நின்றாள்.

"டீச்சர், கெணத்துல தண்ணி சேந்தறப்ப குடம் தண்ணிக்குள்ள இருக்கற வரிக்கும் கனமே தெரியாது. வெளிய வந்தாத்தான் இழுக்கும்."

"ஆமா. அதுக்கென்ன?"

"நாம காலிக்குள்ளதான இருக்கறோம். ட்யூபும் காலிக்குள்ளதான இருக்குது. அதுக்கோசரந்தான் கனம் தெரில."

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப என்ன செய்யணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. வரும் வழியெல்லாம் யோசித்து முடித்திருக்கிறாள். "வெளிய இருக்கறதவிட உள்ள கெட்டியா அடைக்கணும் டீச்சர். ட்யூபு தாங்காது, உப்பிக்கும். பந்துன்னா தாங்கும்."

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆட்களிடம் பின்னால் இதை நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பலருக்கு விளங்கவில்லை. குடம் தூக்கிய அவள் கைக்கு விளங்கியிருந்தது.

கம்பெனி ஆட்கள் விளையாடும் கால்பந்து ஒன்று காற்றடிக்க எங்கள் கடைக்கு வந்திருந்தது. அப்பா அதைக் கொடுத்தார். கல் மாதிரி இறுகும் வரை அடித்து, சமன் செய்து தொங்கவிட்டு, பிறகு ஊசியைச் செருகிக் காற்றை விட்டோம். பந்து இருந்த பக்கம் மெல்ல மேலே ஏறியது. நாம் போட்ட கூச்சலில் எட்டாம் வகுப்பு எழுந்து ஓடிவந்தது.

ஹெட்மாஸ்டரும் வந்தார். அவருக்குக் கூச்சல்தான் தெரிந்தது. மறு வாரம் ஆண்டு ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஏற்கெனவே சீட்டு வந்திருந்தது. ஆய்வுக்கு முந்தைய நாள் ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பாக வந்து சில பெயர்களைப் படித்தார். படிப்பில் சுமாரானவர்கள், கேள்வி கேட்டால் விழிப்பவர்கள். நம் வகுப்பில் ஆறு பேர். "நீங்க நாளைக்கு வீட்லயே இருங்க," என்றார். கடைசி பெஞ்சுக்காரி அதில் ஒருத்தி.

டீச்சர் அவர் அறைக்குப் போய்ப் பேசியதை ஜன்னலோரம் இருந்தவர்கள் கேட்டோம்.

"அந்தப் பிள்ள இருக்கட்டும் சார்."

"அது தமிழ்ல ரெண்டு வரி சேர்ந்தாப்ல பேசாது. ரிப்போர்ட் கெட்டுப்போச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

அவரைக் கெட்டவராக நான் இப்போது நினைக்கவில்லை. முன்பிருந்த ஊரில் ஒரு மோசமான அறிக்கையால் அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தூரமாக மாற்றியிருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பயந்த மனுஷன். அவர் பயத்துக்கு நம் வகுப்பில் ஆறு பேர் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது. டீச்சர் திரும்பி வந்து பாடத்தை முடித்தார். போகும்போது, "பந்தும் தராசும் நாளைக்கு இங்கதான் இருக்கும்," என்று பொதுவாகச் சொன்னார்.

காலையில் நான் கடையிலிருந்த, பிள்ளைகள் ஓட்டும் முக்கால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் காலனிக்குப் போனேன். அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. அவள் முற்றத்தில் பழைய சட்டை ஒன்றைப் பாவாடைமேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி நின்றிருந்தாள். அவள் அப்பா சோற்றுத் தூக்குப்போசியோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க. ஊட்ல குந்திக்கினு என்னா பண்ணும்? என்னோட சைட்டுக்கு வரட்டும். அதுவே பழகிக்கும்," என்றார்.

ஒரே ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள்கூட மறுபடி பள்ளிக்கூடம் வந்ததில்லை. நமக்கு அது தெரியும்.

"அவ இல்லன்னா பந்து நிக்காதுங்க," என்றேன்.

"என்னா பந்து?"

"தராசுல கட்டறதுங்க. நாங்க எல்லாரும் கட்டிப் பாத்துட்டோம், சாயுது. அவ கட்டுனாத்தான் நேரா நிக்குது. இன்னிக்குப் பெரிய ஆபீசர் வர்றாருங்க. இன்னிக்கு ஒரு நாளு உடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். "நிஜமா?" என்று தெலுங்கில் கேட்டார். அவள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தாள். அதுதான் பதில். அவர் ரோட்டில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு தனியாக நடந்து போய் ஏறிக்கொண்டார். அவள் பின்னால் உட்கார, நான் எழுந்து நின்று மிதித்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் நம் வகுப்புக்குள் இருந்தார். காவேரிப்பட்டினம் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை, கனத்த கண்ணாடி. மேஜையில் பீரோப் பெட்டியின் குடுவைகள் எல்லாம் கழுவித் துடைத்து, பெயர் எழுதி ஒட்டி வரிசையாக நின்றன. நம் தராசு கதவுக்குப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் நுழைந்ததில் அது சரிந்து விழுந்து, பந்து உருண்டு இன்ஸ்பெக்டர் செருப்பில் போய் நின்றது.

"இது என்ன?" என்றார் அவர்.

ஹெட்மாஸ்டர், "பசங்க விளையாடற சாமான் சார்," என்றார்.

"காத்தை எடை போடற தராசுங்க சார்," என்றேன் நான். எப்படி வாய் திறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"போட்டுக் காட்டு."

"நான் இல்லீங்க சார். இவ."

அவள் தராசைத் தூக்கி ஜன்னலில் கட்டினாள். பந்தைக் கட்டினாள். மணலை விரல் நுனியால் எடுத்துப் போட்டுப் போட்டுப் பட்டையை நேராக்கினாள். பிறகு ஊசியைச் செருகினாள். ஸ்ஸ் என்று காற்று போனது. சத்தம் அடங்கியது. பந்து மேலே ஏறியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "நீ ஊசி சேர்த்திருக்கியே. ஊசிக்கு எடை கிடையாதா?"

"ஊசிய மொதல்லயே பந்தோட சேத்துக் கட்டிட்டேன் சார். அதும் கனத்தோடதான் மணலு போட்டேன்."

அவர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாதாரண பலூன்ல ஏன் இப்படித் தெரியறதில்ல?"

இங்கேதான் அவளுக்குத் தமிழ் சிக்கிக்கொண்டது. ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தெலுங்கில் சொன்னாள். "கடவ நீள்ளல்லோ உன்னப்புடு பருவு தெலீது சார்."

இன்ஸ்பெக்டருக்குத் தெலுங்கு தெரியவில்லை. சுற்றிப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்று, அவள் ஒவ்வொரு வரி சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னேன். குடம் தண்ணீருக்குள் இருக்கும்போது கனம் தெரியாது சார் என்கிறாள். நாம் காற்றுக்குள் இருக்கிறோம் என்கிறாள். வெளியே இருப்பதைவிட உள்ளே கெட்டியாக அடைத்தால்தான் தெரியும் என்கிறாள். ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டியதை மார்ச்சில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் அதோடு விடவில்லை. கொட்டாங்குச்சியிலிருந்து மணலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, பட்டை மறுபடி நேரானதும், எடுத்த மணலை எல்லாம் இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் வைத்தாள். "இவ்ளோதான் சார் வெளிய போன காத்து."

அவர் அந்தக் கையை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் திறக்கவில்லை. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு இவதான் சார் சொல்லிக் கொடுத்தா," என்றார் டீச்சர்.

பார்வைப் பதிவேட்டில் இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். மேஜையிலிருந்த குடுவைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறுநாள் பிரேயரில் ஹெட்மாஸ்டரே அதை ஒரு வார்த்தை விடாமல் படித்தார். ஒதுக்கி வைத்த பிள்ளைகளை இனி ஒதுக்க வேண்டாம் என்று எழுதியிருந்த வரியையும் படித்தார். அதைப் படிக்கும்போது குரல் தாழ்ந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அன்று மதியம் பீரோச் சாவி டீச்சர் மேஜைக்கு வந்தது.

அந்த மாதக் கடைசியில் கிருஷ்ணகிரியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளும் டீச்சரும் போனார்கள், மொழிபெயர்க்க நானும் போனேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் அப்பாவும் வந்தார். பெரிய பள்ளிக்கூடங்கள் அணைக்கட்டு, மின்சாரம், ராக்கெட் என்று வண்ணம் பூசி வைத்திருந்தன. நம் மேஜையில் மூங்கில் பட்டை, பந்து, மணல். மத்தியானத்துக்குள் நம் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். ஒவ்வொரு தடவையும் பந்து ஏறும்போது கூட்டம் கைதட்டியது. அவள் மூன்றாவது தடவைக்குப் பிறகு என்னை மொழிபெயர்க்க விடவில்லை. தப்பும் தவறுமாகத் தமிழிலேயே சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாவட்டத்திலேயே முதல் பரிசு. பித்தளைப் பிடி போட்ட, உள்ளங்கை அகல உருப்பெருக்கிக் கண்ணாடி.

ராயக்கோட்டை பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவள் அப்பா அந்தக் கண்ணாடியை வாங்கித் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சிமெண்ட் தின்ற வெடிப்புகள் ஒவ்வொன்றும் வாய்க்கால் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். வெகுநேரம் பார்த்தார். முன் சீட்டுக்காரர் கேட்டார், கொடுத்தார். அங்கிருந்து அது கை மாறிக் கை மாறி பஸ் முழுக்கப் போனது. ஒரு அம்மா மடியிலிருந்த ராகியைப் பார்த்தார். ஒருவர் தன் பையன் காதுக்குள் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டின் அச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணுகிட்ட வெக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, அப்பத்தான் தெளிவாத் தெரியும்," என்று அவள் சீட்டின் மேல் முட்டிபோட்டு நின்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் எல்லோரும் அவள் சொன்னபடியே தள்ளிப் பிடித்தார்கள்.

கண்டக்டர் அவள் அப்பா பக்கம் குனிந்தார். "ஏம்பா, எந்தக் கிளாசு படிக்குது உம் பொண்ணு?"

அவர் மகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப ஏழு. ஜூன்ல எட்டு," என்றார்.